கடலோரத்தில் பதினோரு நாட்கள்

நாங்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்த் தங்கியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். சவுக்குத் தோப்புக்குள் வரிசையாகக் கட்டியிருந்த காட்டேஜ்களில் ஏழாம் நம்பரில், அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் பதினோரு நாட்கள் இருந்தோம். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சின்ன வயதில் டூர் ஏதும் போனதுண்டா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். அது டூர் இல்லை என்பது எனக்கு இரண்டாம் நாள் சாயங்காலமே தெரிந்துவிட்டது. அம்மாவுக்கு ஊர் திரும்பிய அன்றுதான் தெரிந்தது. நடுவில் இருந்த நாட்களைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அப்பா சிவகாசிக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். தீபாவளி நெருங்கிவிட்டால் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். அப்படிப்பட்ட சீசனில், காலாண்டு லீவில் நான் வீட்டில் இருந்த ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணிக்கு முதலாளியின் காரில் வந்து இறங்கினார். சட்டை மாற்றியிருந்தார். அது அவருடைய சட்டை இல்லை.

"துணிமணிய எடுத்து வையி. கடலுக்குப் போறோம்" என்றார்.

அம்மா குழம்புக் கரண்டியோடு வெளியே வந்தாள். "சீசன்ல யாரு லீவு குடுப்பா? நெசத்தச் சொல்லுங்க, என்ன ஆச்சு?"

"கம்பெனில சின்ன விபத்து. ரெண்டு பேருக்குக் காயம். ஆபீசருங்க வந்து பாத்துட்டுப் போற வரைக்கும் நான் இங்கன இருக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்றாரு. அவருக்குத் தெரிஞ்சவுக காட்டேஜ் இருக்காம்."

எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. விபத்து என்றால் முதலாளி, மேனேஜர், ஃபோர்மேன் மூவரும் முன்ஜாமீன் கிடைக்கும் வரை காணாமல் போவார்கள். மழை தூறினால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பது மாதிரி, யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம் அது. அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டடி போனவள் திரும்பி நின்றாள்.

"தங்கச்சி?"

"அவ இன்னைக்கு லீவுதான" என்றார் அப்பா. "ரேசன் கடைக்குப் போகணும்னு நேத்தே சொன்னாளே."

சொல்லியிருந்தாள். முந்தைய நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, என் தலையில் பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள். சித்தியும் அப்பாவின் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். விஸ்வநத்தத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மாவுக்கும் அவளுக்கும் மல்லாங்கிணறுதான் சொந்த ஊர். அங்கே அவர்களுக்கென்று இருந்தது ஒரு மானாவாரிக் காடும் ஓட்டு வீடும். தாத்தாவும் ஆச்சியும் போனபின் வீடு விழுந்தது, காடு கைமாறியது. அண்ணன் தம்பி என்று யாரும் கிடையாது. எனவே அக்காவுக்குத் தங்கை பிறந்த வீடு, தங்கைக்கு அக்கா பிறந்த வீடு.

இது வெறும் பேச்சு இல்லை. எங்கள் பக்கம் ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். கோடி போடுவது என்று பெயர். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் ஒருத்தி போனாள் என்றால், கேட்க நாதியில்லாமல் போனாள் என்று அர்த்தம். சகோதரிகள் இரண்டு பேரும் இதை வைத்துத்தான் சண்டை போடுவார்கள்.

"நீ எனக்கு முன்னாடி போய்ப் பாரு, பழைய சேலையப் போட்டு அனுப்பி விடுறேன்" என்பாள் அம்மா.

"நீ போனா ஒனக்கு நான் பச்சக் கலர்தான் எடுப்பேன். ஒன் மூஞ்சிக்கு அது பொருந்தவே பொருந்தாது" என்பாள் சித்தி. இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரிப்பார்கள்.

காரில் போகும்போது அம்மா கொஞ்ச தூரம் காயம்பட்டவர்கள் யார் யார் என்று கேட்டாள். அப்பா தெரியாது என்றார். பிறகு அவள் கேட்கவில்லை. தூத்துக்குடி தாண்டி உப்பளங்கள் வந்ததும் நான் ஜன்னலில் தலையை நீட்டிவிட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம்.

காட்டேஜ் என்று சொன்னால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அறை, குளியலறை, முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் தண்ணீர் இல்லாத நீச்சல் குளம், அதன் கரையில் மூக்கு உடைந்த சிமெண்ட் டால்பின். பிள்ளைகளுக்கு ஊஞ்சல் இருந்தது. ஆட்கள் வராத மாதம். எங்களைத் தவிர ஒரு வாட்ச்மேன், சமையல்காரர் ஒருவர், அவ்வளவுதான். ரிஜிஸ்டரில் அப்பா வேறு பெயர் எழுதினார். தொழில் என்ற இடத்தில் காலண்டர் வியாபாரம் என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்.

அறையில் டிவி இருந்தது. எங்கள் வீட்டில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. அம்மா போட்டுப் பார்த்தாள், வெறும் புள்ளியாக ஓடியது. "எம்புட்டுப் பெரிய டீவி, படம் தெரியலயே" என்று ரொம்ப வருத்தப்பட்டாள். அப்பா ரிப்பேர் என்றார். மறுநாள் பந்து எடுக்கக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தபோது, பின்னாலிருந்து பிடுங்கிச் சுருட்டி வைத்த கேபிள் வயரைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. செல்போன் முதலாளிகளின் சட்டைப்பையில் மட்டும் இருந்த காலம் அது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவளை ஊரிலிருந்து பிரித்து வைக்க அந்த ஒரு வயர் போதுமானதாக இருந்தது.

அங்கே விடிந்த முதல் காலையில் எழுந்தபோது அப்பா படுத்திருந்த இடத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பு பளபளத்தது. பட்டாசு மருந்தில் கலக்கும் அலுமினியப் பொடி அவர் குதிகால் வெடிப்பில் எப்போதும் இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வாட்ச்மேன் பார்த்தால் காலண்டர் வியாபாரி என்று நம்புவானா? அம்மா அந்தக் கவலையில், ரூமுக்கு ஆள் வருவதற்கு முன் விரிப்பைத் தானே துவைத்து வெயிலில் போட்டாள். பதினோரு நாளும் துவைத்தாள். கடலுக்கு வந்தும் அவளுக்குத் துணி துவைப்பதுதான் வேலையாக இருந்தது என்று கேலி பேசலாம். நான் பேசினேன், அவளும் சிரித்தாள்.

எங்களை இறக்கிவிட்டுப் போன டிரைவர் மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிபோல் திரும்பி வந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிப்பி கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டிக்கு அந்தப் பக்கம் அவரும் அப்பாவும் வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, நாளைக்குப் பதினோரு மணிக்குப் பெரியாஸ்பத்திரியில பாடியக் குடுக்காகளாம். அஞ்சு பேரையும்" என்றார் டிரைவர். "ஒங்க கொழுந்தியாளத்தான் யாருன்னே தெரியாமக் கெடந்திருக்கு. மருந்து ரூமுக்கு நாலு பேர்தானே சட்டப்படி கணக்கு. இது அஞ்சாவது ஆளு, பேரேட்டுலயும் இல்ல. காதுல கெடந்த தோட்ட வச்சு அவ வீட்டுக்காரரு அடையாளம் சொல்லிருக்காரு."

டிரைவரே தொடர்ந்தார்.

"மதினிய நான் கூட்டிட்டுப் போயிட்டு வந்துரட்டுமா? நாலு மணி நேரம்தான். மொகம் பாக்க முடியாதுதான். ஆனாலும் பொறந்த வீடுன்னு அவுக ஒருத்தகதான இருக்காக."

"வேணாம்."

"அண்ணாச்சி..."

"வேணாம்யா. நான்தான் வேன அனுப்பி அவளக் கூப்பிட்டேன். ஆர்டர் நிக்குது, ரேசன் கடைக்கு நாளைக்குப் போய்க்கோன்னு சொல்லி அந்த ரூம்ல ஒக்கார வச்சதே நான்தான்யா." குரல் உடைந்துபோயிருந்தது. "இவ அங்கன போனா திரும்பி வர மாட்டா. போலீஸ்காரன் இவளப் பிடிச்சு ஒக்கார வச்சு என்னையக் கேப்பான்."

என் கையிலிருந்த சிப்பி தொட்டியில் விழுந்தது. அப்பா சுற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே ஈரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"அம்மாட்டச் சொல்லிராத தாயி. சொன்னா அப்பா செயிலுக்குப் போயிருவேன். ஒன் கால்ல விழுறேன்."

பெற்ற மகளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனால் அவரைத் திட்டித் தீர்த்து நான் நல்லவள் ஆகிவிட முடியாது. குளியலறைக் கதவு அந்த நேரம் திறந்தது. அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். கார் நின்றது. டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா ஒன்பது மணிக்குச் சிவகாசியில் இருந்திருப்பாள்.

நான் சொல்லவில்லை. பாதி பயம். அப்பாவைக் கையில் விலங்கு போட்டு எங்கள் தெரு வழியாக நடத்திக் கூட்டிப்போவதாக மனதுக்குள் ஓடியது. மீதிப் பாதியைத்தான் இத்தனை வருடமாக என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் கடலுக்குள் இறங்கிக் குளிக்கக் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். போய்விட்டால் அது கிடையாது. அந்த ஊஞ்சல், கடல், மீன் வறுவல், எல்லாம் போய்விடும். என் தலையில் பேன் பார்த்த கை இனி இல்லை என்பது உள்ளே இறங்கவே இல்லை. கடல் போய்விடும் என்பது நன்றாக இறங்கியது.

மறுநாள் கடலில் குளித்தேன். சந்தோஷமாகவே குளித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

குளித்துவிட்டு வந்ததும் அம்மா என்னை வெளியே இருந்த கடைவீதிக்குக் கூட்டிப் போனாள். சங்குக் கண்ணாடி, பாசிமணி, பனங்கற்கண்டு விற்கிற நாலைந்து கடைகள். ஒன்றில் சேலைகள் தொங்கின. அம்மா உள்ளே போய்விட்டாள்.

"தீவாளிக்குச் சித்திக்கு ஒண்ணு எடுத்துருவோம். கடலுக்குப் போயிட்டு வெறுங்கையோட போனா அவ என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவா."

கடைக்காரர் மினுமினுப்பாக ஒன்றை எடுத்துப் போட்டார். அம்மா தொட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டாள். பட்டாசு ரூமுக்குள் நைலான், பாலியெஸ்டர் எதுவும் கட்டக் கூடாது. உரசினால் பொறி வரும். "காட்டனா எடுங்க. வேலைக்கும் கட்டணும்" என்றாள். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வந்தது, கடுகு மஞ்சளில் சின்னக் கரை. அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. சித்தியின் நிறம்தான் எனக்கும். என்னை நிறுத்தி வைத்துச் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டாள். நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

கடையில் பெரிய கடிகாரம் மாட்டியிருந்தது. பதினொன்றே கால்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னட்டி, ஒனக்கும் வேணுமா? அதுக்கா அழுக?" என்று அம்மா சிரித்தாள். கடைக்காரரும் சிரித்தார். எனக்கு ஒரு பாசிமாலை வாங்கிக் கொடுத்தாள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு இருந்த நாட்களில் எனக்கு ஊஞ்சல் பிடிக்கவில்லை, மீன் பிடிக்கவில்லை. தாமதமாகத்தான் பிடிக்காமல் போனது. அம்மா அடிக்கடி சித்தி பேச்செடுப்பாள். இந்தக் கடலைப் பார்த்தால் அவள் என்ன சொல்லுவாள், அடுத்த தடவை அவளையும் கூட்டி வர வேண்டும், இப்படி. அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நான் போக முடியாமல் உட்கார்ந்திருப்பேன். முன்ஜாமீன் கிடைத்துவிட்டதாகப் பதினோராம் நாள் டிரைவர் வந்து சொன்னார். மறுநாள் காலையில் கிளம்பினோம். அம்மா மடியில் சேலைப் பையை வைத்திருந்தாள்.

"விஸ்வநத்தம் வழியாப் போங்க. தங்கச்சிட்ட இதக் குடுத்துட்டுப் போயிருவோம்" என்றாள்.

அப்பா அந்த வழி வேண்டாம் என்றார். வீட்டுக்குப் போய் உட்கார வைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார். அம்மா கேட்கவில்லை. டிரைவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு வண்டியைத் திருப்பினார். இத்தனை அச்சாபீஸ் இருக்கிற பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாத சுவர் இருக்காது என்பதை அப்பாவும் மறந்துபோனார், நானும் மறந்துபோனேன். ஊர் எல்லையில் பஸ் நிற்கிற இடத்துச் சுவரில் சித்தி இருந்தாள். நான்கு கலரில், பெரிதாக. கீழ்ப்பாதியை ஆடு கடித்திருந்தது.

"நிப்பாட்டு" என்றாள் அம்மா.

அது நான் பெரியவளான சடங்கில் எடுத்த போட்டோ. அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்தது. அம்மாவை வெட்டிவிட்டுச் சித்தியை மட்டும் போட்டிருந்தார்கள். ஆனால் சித்தியின் தோளில் கிடந்த அம்மாவின் கையை வெட்ட முடியவில்லை. வளையலோடு அது அங்கேயே இருந்தது.

அம்மா சுவருக்கு அருகே போய் நின்றாள். எழுத்து தெரியாவிட்டாலும், போட்டோவுக்கு மேலே போட்டிருந்த கண்ணீர்த் துளியை எங்கள் ஊரில் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. "ஏட்டி, இது என் கைதான?" என்று என்னைக் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சித்தி வீட்டுக்குள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தாள். அப்பா காரை விட்டு இறங்கவில்லை. சித்தப்பா திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருடைய அம்மாதான் பேசினார்.

"இப்ப வந்து என்ன செய்ய? பொறந்த வீட்டுக் கோடி வரும் வரும்னு ஒரு மணி நேரம் வாசல்ல வச்சிருந்தோம். எல்லாரும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னோம். கடைசியில பக்கத்து வீட்டுக்காரி கட்டாம வச்சிருந்த சேலைய வாங்கிப் போட்டுத் தூக்கினோம். ஒன் வீட்டுக்காரரு வேன அனுப்பிக் கூப்பிடாட்டி அவ அன்னைக்கு ரேசன் கடையில நின்னுருப்பா."

அம்மா பையிலிருந்து சேலையை எடுத்து நீட்டினாள். அந்தக் கிழவி அதைத் தொடவில்லை. "எரிச்ச பெறகு இது யாருக்கு? கொண்டு போ" என்றார். சேலை எங்களோடு வீட்டுக்கு வந்தது.

அம்மா அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வேன அனுப்பினது நீங்கதானா?" அப்பா தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவரிடம் அவள் எதையும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். என்ன குழம்பு வைக்கட்டும் என்றுகூடக் கேட்டதில்லை. அப்பா அடுத்த வருடம் வேறொரு கம்பெனிக்கு ஃபோர்மேனாகப் போனார். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

ஊர் வந்த மறுநாள் காலையில் அம்மா என்னை முன்னால் உட்கார வைத்துத் தலை சீவினாள். ரொம்ப நேரம் சீவினாள். அப்பா உள் அறையில் இருந்தார், கதவு திறந்திருந்தது.

"நம்ம ரெண்டு பேரையும் முட்டாளாக்கிட்டாரு தாயி" என்றாள். "ஒன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தாக்கூட நீ ஓடி வந்து என்கிட்டச் சொல்லிருப்ப. அது தெரிஞ்சுதான் ஒன்கிட்டயும் மறைச்சிட்டாரு."

என் தலை அவள் கைக்குள் இருந்தது. நான் ஆமாம் என்று ஆட்டினேன். உள்ளே அப்பா இருமினார். அவர் சாகும் வரை என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது அவர் எனக்குச் செய்த நன்மையா கெடுதலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தச் சேலையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். மடிப்பு கலையாமல் கத்தரிப்பூ நிறம் அப்படியே இருந்தது. பீரோவில் பத்திரமாக வைக்கச் சொன்னாள்.

"எனக்குப் பொறந்த வீடுன்னு இனிமே யாரு இருக்கா? நான் போனா இதத்தான் போடணும், நீதான் போடணும்" என்றாள். "என்கிட்டப் பொய் சொல்லாதது நீ ஒருத்திதான்."

சரிம்மா என்று வாங்கி வைத்தேன்.